கத்தி எடுத்து வரச் சொன்னேன்

போன வியாழக்கிழமை கூரியரில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அனுப்பியவர் கோபிசெட்டிபாளையத்து வாசகர். உள்ளே வட்டமாக ஒரு சவர சோப்பு, வெட்டிவேர் மணம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சவரம் பற்றிப் படித்துவிட்டு நானும் கத்தி வாங்கிவிட்டேன் சார். நீங்கள் சொன்ன சுகம் நிஜம்தான். ஆமாம், ஏன் இத்தனை வாரமாக ஆளையே காணோம்?’

ஆளைக் காணோம்தான். காரணம் சொல்லத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டு மழை, ட்ராஃபிக், மகள் செய்த பாஸ்தா என்று வேறு எதையாவது எழுதிவிட்டுப் போகலாம். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை, கிழித்துப்போட்டேன்.

பழகிய வாசகர்களுக்குத் தெரியும், எனக்குச் சவரம் ஒரு பைத்தியம். மற்றவர்கள் நாலு நிமிஷத்தில் இழுத்துவிட்டுப் போகிற வேலையை நான் நாற்பது நிமிஷம் செய்வேன். மடக்கும் சவரக் கத்தி என்னிடம் ஏழு இருக்கிறது. இரண்டு ஜெர்மனி, ஒன்று ஜப்பான். பூப்போல ஒரு பிரஷ். சந்தனம், எலுமிச்சை, புகையிலை என்று மணத்துக்கு ஒரு சோப்பு. வெந்நீரில் நனைத்த துண்டைக் கன்னத்தில் போட்டு, கிண்ணத்தில் நுரை அடித்து, தோல் வாரில் கத்தியை முன்னும் பின்னும் தீட்டி… முடி அறுபடும்போது ‘சரக் சரக்’ என்று ஒரு சத்தம் வருமே — அதற்கு ஈடு ஏது? என் மனைவி பாத்ரூம் கதவைத் தட்டி, “ஏனுங்க, மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சுதுங்களா?” என்பாள். இதையெல்லாம் விலாவாரியாக இந்தப் பக்கத்தில் எழுதி, ‘தன் முகத்தைத் தானே கவனிப்பது ஒரு தியானம்’ என்று வேறு முடித்திருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தப் பத்தி வந்த மறு வாரம் என் அண்ணன் மயங்கி விழுந்தார்.

அண்ணன் ரங்கசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தறி ஓட்டிக்கொண்டு, தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தவர். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. ஐசியூவில் இருபத்து மூன்று நாள். வாயில் குழாய், அது நகராமலிருக்கக் கன்னம் முழுக்கப் பிளாஸ்திரி. தினமும் ஐந்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவோம்.

அத்தனை நாளும் ஐசியூ வாசலில் இரும்பு நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நடராஜன். அண்ணனோடு ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். கோயமுத்தூரிலேயே கணபதி என்கிற பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையைச் சாத்திவிட்டு, நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு சாயங்காலமானால் வந்துவிடுவார். வரும்போதே எனக்கு ஒரு டீயும் கையில் இருக்கும். ரத்தம் வேண்டும் என்று நர்ஸ் வந்து கேட்டபோது முதலில் சட்டைக் கையை மடித்தவர் அவர்தான். என் சொந்தபந்தம் இரண்டு பேருக்கு அன்றைக்குத் திடீரென்று சுகர் வந்துவிட்டது.

நடராஜனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா எங்கள் ஊர் நாவிதர். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் இழவானாலும் நாவிதர் வராமல் காரியம் நகராது. கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவதும் அவர்தான். செத்துப்போனவர் முகத்துக்குக் கடைசியாகச் சவரம் செய்வதும் அவர்தான். நடராஜன் அந்த வேலைக்கு வரவில்லை. பாலிடெக்னிக் படித்தார், லேத் பிடித்தார், ஊரை விட்டுப் போனார். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை ‘நடராஜா’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன், அவர் என்னைத் ‘தம்பிங்க’ என்பார். பார்க்கிற ஆளுக்கெல்லாம் ‘ங்க’ போடுகிற ஊரில் பிறந்தவன் நான். இதில் ஏதோ இடறுகிறது என்று ஐம்பத்து நாலு வயதுவரை எனக்கு உறைக்கவில்லை.

இருபத்து நாலாம் நாள் விடியும்போது அண்ணன் போய்விட்டார். ஆஸ்பத்திரிப் பேப்பர் வேலையை எல்லாம் நடராஜன்தான் ஓடி ஓடி முடித்தார். “நீங்க முன்னால போங்க தம்பி. ஊட்டுக்குப் போயி உடுப்பு மாத்திட்டு, மாலை வாங்கிட்டு வாரனுங்க” என்றார். பதினோரு மணிக்கு அண்ணனை ஊர் கொண்டுவந்து சேர்த்தோம்.

வாசலில் ஃப்ரீசர் பாக்ஸ். அண்ணி வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இது அவரு இல்லீங்க” என்றார்.

அண்ணன் ஒரு நாள்கூடச் சவரம் தவறாதவர். கன்னமும் தாடையும் மழுமழுவென்று இருக்கும், மீசை மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். இப்போது கிடந்தவருக்கு இருபத்து மூன்று நாள் நரைத் தாடி. பிளாஸ்திரி பிய்த்த இடத்தில் பசை ஒட்டி, அதில் அழுக்குச் சேர்ந்து, மீசை எது தாடி எது என்று தெரியாத முகம்.

“இந்த மூஞ்சியோட நான் அனுப்ப மாட்டேனுங்க. அவரை அவராட்டப் பாத்துப்போட்டுத்தானுங்க அனுப்போணும்” என்று சொல்லிவிட்டு அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுவரை அழாத மனுஷி. அப்போது அழுதார் பாருங்கள்… எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நாலு மணிக்கு எடுக்க வேண்டும். இப்போது ஊர்க் காரியங்களுக்கு வருகிற நாவிதர் காரமடையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வந்து சேர ஆறு மணியாகும் என்றார். கருமத்தம்பட்டியில் இரண்டு சலூனில் கேட்டோம். பிணத்துக்கு வரமாட்டோம் என்றார்கள். ஏன் வர வேண்டும்? பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஒரு ட்ரிம்மர் கொண்டுவந்தார்கள். அது பசையில் மாட்டி நின்றுபோனது.

அப்போதுதான் சித்தப்பா சொன்னார். எழுபத்தெட்டு வயது, குடும்பத்தில் இப்போது அவர்தான் பெரியவர். “ஏங் கண்ணு, நடராஜன் வாரான்ல? போனப் போட்டுக் கத்தி எடுத்துட்டு வரச் சொல்லு. அவங்கப்பன் ஆயுதமெல்லாம் ஊட்டுலதான கெடக்கும்.”

நான் போன் போட்டேன்.

பழியைச் சித்தப்பா தலையில் கட்டிவிட்டு நான் நழுவிக்கொள்ளலாம். பழைய ஆள், அப்படித்தான் பேசுவார் என்று நீங்களும் தலையாட்டுவீர்கள். ஆனால் நம்பரை அழுத்தியது என் விரல். அதில் ஒரு நொடி தயக்கம் இல்லை. “நடராஜா, வாரப்ப அப்பாவோட கத்தி இருந்தா எடுத்துட்டு வந்துரு. அண்ணனுக்குச் சவரம் பண்ணோணும்” என்றேன். வாழை இலை வாங்கி வரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று ‘ஹலோ’ என்றேன்.

“இருக்கறனுங்க தம்பி” என்றார். பிறகு மெதுவாக, “கத்தி உங்ககிட்டயே இருக்குதுங்களே. பேப்பர்ல எழுதியிருந்தீங்க, படிச்சனுங்க. ஏழு இருக்குதுன்னு போட்டிருந்தீங்க…” என்றார். வைத்துவிட்டார்.

கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் வழக்கமான மரியாதையோடுதான் சொன்னார்.

அந்த ஏழில் ஒன்று அப்போது என் காருக்குள், டிராவல் கிட்டில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து இருபதடி. ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த நாட்களிலும் நான் என் சவரத்தை விடவில்லையே! அண்ணி கதறியபோது அந்தக் கத்தி ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை? மறதி என்று சொன்னால் பொய். என் கத்தி சுகத்துக்கு. இந்த வேலைக்கு வேறு கத்தி, வேறு கை. யாரும் சொல்லித்தராமலே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது புத்தி. ஜெர்மனிக் கத்தி என்றால் ஹாபி, நாவிதரின் தகரப் பெட்டியில் இருந்தால் சாதி. நான் எழுதிய தியானத்தின் லட்சணம் இவ்வளவுதான்.

காரிலிருந்து கிட்டை எடுத்து வந்தேன். சித்தப்பா பதறிவிட்டார்.

“அட, நம்மாளுக செய்யற வேலையா சாமி இது? ஊரு சிரிச்சுப்போடும்.”

“சிரிக்கட்டுங்க சித்தப்பா.”

வீரமாகச் சொன்னதுபோல இருக்கிறதா? அவர் முகத்தைப் பார்க்காமல், கிட்டின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தேன். தேங்காய் எண்ணெய் தொட்டுப் பசையை எடுத்தேன். சந்தன சோப்பில் நுரை அடித்துப் பூசினேன். ஃப்ரீசர் பாக்ஸிலிருந்து எடுத்த கன்னம். சுடச்சுடப் பூசிய நுரை உடனே ஆறிப்போனது. நமக்கு நாமே செய்யும்போது கன்னத்தை உப்பிக் கொடுப்போம், தாடையைத் தூக்கிக் கொடுப்போம். அண்ணன் எதுவும் கொடுக்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. நான்தான் முழங்கால் போட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்த அதே ‘சரக் சரக்’ சத்தம்.

தாடைக்குக் கீழே ஓரிடத்தில் கை பிசகிவிட்டது. அரை அங்குல வெட்டு. பதறிப்போய்ப் படிகாரத்தை எடுத்து அழுத்தப் போனேன். ரத்தம் வரவில்லை. அண்ணன் செத்துப்போய்விட்டார் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

மீசையைச் சீவி முறுக்கிவிட்டதும் அண்ணியைக் கூப்பிட்டார்கள். வெகுநேரம் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். “ஆமாங்க, இப்பத்தான் அவரு” என்றார். எனக்கு அது போதும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

இரண்டரை மணிக்கு நடராஜன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பெரிய ரோஜா மாலை. சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். “இப்ப எதுக்கு வாரே? உன்ற வேலையை எங்க பையனே செஞ்சுபோட்டான்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். இழவு வீட்டில்! நடராஜன் யாரையும் பார்க்கவில்லை. நேராக அண்ணனிடம் போய் நின்றார். தாடைக்குக் கீழே இருந்த வெட்டு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மாலையைப் போட்டு, அதை மேலே இழுத்து, வெட்டு தெரியாதபடி சரிசெய்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

எடுக்கிற நேரம் வந்தது. வாசலிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற வண்டி நின்ற இடம் ஓர் அறுபதடி இருக்கும். அந்த அறுபதடிதான் தோளில் தூக்கிப் போக வேண்டும். தம்பி நான் முன்னால் போனேன். சித்தப்பா கையை நீட்டி மறித்தார்.

“நீ தொடாத கண்ணு. அந்த வேலை செஞ்ச கையி. போயித் தலைக்கு ஊத்திப்போட்டு வா.”

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? போனேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், நல்ல பிள்ளையாக, மோட்டார் ரூம் தொட்டிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடி வந்தேன். அதற்குள் அண்ணனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கூடப் பிறந்தவனைத் தூக்க என் தோள் இல்லாமல் போய்விட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் நடராஜன் நின்றிருந்தார். அவர் தோளையும் யாரும் கேட்கவில்லை.

அரைமணி நேரம் அந்த வேலையைச் செய்ததற்கு எனக்கு இது. ஆயுசு முழுக்கச் செய்தாரே நடராஜனின் அப்பா… எங்கள் வீட்டு இழவுகளில் அவர் எங்கே நின்றார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகமே இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கணபதிக்குப் போனேன். “போன்ல வேண்டாம், நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பியவள் என் மனைவி. நடராஜன் லேத்தில் ஏதோ பம்ப் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார்.

“நடராஜண்ணா…” என்று ஆரம்பித்தேன். முதல் தடவை. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“எங்கப்பன் செஞ்ச வேலையை நான் கேவலமா நெனைக்கலீங்க தம்பி” என்றார். “நான் வந்தப்ப ரங்கன் அப்பிடியே கெடந்திருந்தா, யாருஞ் சொல்லாமயே நான் செஞ்சிருப்பனுங்க. சிநேகிதனுக்குச் செய்யறதுக்கு என்னங்க?” துணியை மடித்து லேத் மேல் வைத்தார். “இருவத்திமூணு நாளு உங்க பக்கத்துல உக்காந்திருந்தேன். அத்தனை நாளும் என்னை யாருன்னு நெனச்சுட்டு இருந்தீங்க தம்பி? அதை மட்டுஞ் சொல்லுங்க.”

டீ வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் திரும்பி மெஷினைப் போட்டார்.

“மன்னிப்புக் கேட்டீங்களா?” என்றாள் மனைவி, வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக. கேட்டேன், லேத் சத்தத்தில் அவருக்குக் காதில் விழுந்ததோ என்னவோ என்று சொல்லிவைத்தேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது… நான் வாயையே திறக்கவில்லை.