அக்காவுக்கு மூத்திரம் வந்த மதியம்

மூத்திரத்துக்கு நான் கைதட்டியிருக்கிறேன். நான் மட்டுமல்ல, விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டே தட்டியது. கை உடைந்தவர்கள் நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டினார்கள். சிவகாசிக்காரி நான். வெடிச் சத்தத்தில் பிறந்து வெடிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். ஆனாலும் சொல்கிறேன், எந்தச் சரவெடியும் அந்த மதியத்துக்கு ஈடில்லை.

என் அக்காவுக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தால் பழையபடி நடக்கலாம் என்றார்கள். அதற்காகக் காத்துக் கட்டிலில் கிடந்தாள். துணைக்கு நான். எனக்குச் சும்மா உட்கார வராது. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

"ஏ புள்ள, ஒரு எடத்துல இரியேன். உன்னப் பாத்தா எனக்குக் காலு வலிக்குது" என்பாள், கால் உடைந்தவள்.

ஒரு காலை, சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் நேராக எங்கள் கட்டிலுக்கு வந்தார். காலைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"தண்ணி குடிக்கிறீங்களாக்கா?"

"குடிக்கேன் டாக்டரம்மா."

"யூரின் போகுதா?"

"அதெல்லாம் நல்லாப் போகுது."

அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய் நர்ஸ் மேசையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். ஒவ்வொரு நோயாளியின் ரத்தப் பரிசோதனையும், வயதும், மருந்தும் அதில் ஏறுமாம். யாருடைய கிட்னி சோரப் போகிறது என்று அது முன்கூட்டியே கணித்துச் சொல்லுமாம். அக்காவின் பேருக்கு நேராகச் சிவப்பாக ஒரு குறி.

"ரத்தத்துல கிரியாட்டினின்னு ஒரு கழிவு. கிட்னி நல்லா இருந்தா அதை வெளியே தள்ளிடும். இவங்களுக்கு இன்னும் அளவுக்குள்ளதான் இருக்கு. ஆனா வந்த அன்னைக்கு இருந்ததவிட ஏறியிருக்கு. அந்த ஏத்தம்தான் எனக்குப் பிடிக்கல. கிட்னி நின்னுபோச்சுன்னா இப்போதைக்கு ஆபரேஷன் இல்ல. முதல்ல டயாலிசிஸ் மிஷின், அப்புறம்தான் கால்."

எங்கள் ஊரில் ஆபத்து என்றால் அதற்கு ஒரு சத்தம் உண்டு. புகை உண்டு, வெடிமருந்து நெடி உண்டு, ஓடிவரும் சனம் உண்டு. இதற்கு ஒன்றுமே இல்லை. வலிக்காமல், கனக்காமல், வாழைப்பழம் தின்றுகொண்டு சீரியல் கதை பேசும் ஒருத்தியின் இடுப்புக்குள் இரண்டு விளக்குகள் மங்குகின்றன என்கிறார்கள். எப்படி நம்புவது?

அன்றிலிருந்து எல்லாம் அளவு. குடிக்க இவ்வளவு பாட்டில் என்று வைத்தார்கள். படுத்தபடியே பெட்பேனில் போக வேண்டும், நான் அதைக் கோடு போட்ட ஜக்கில் ஊற்றி நர்ஸிடம் காட்ட வேண்டும். "சரியா வரலைன்னா மூத்திரம் போற வழியில ட்யூப் போட்டுருவோம்" என்றார் நர்ஸ். அக்கா முகம் சுருங்கியது.

அதன் பிறகு அற்புதம்தான். பாட்டில்கள் காலியாயின. பேன் நிறைந்தது. ஜக்கை நான் பூசைச் செம்பு மாதிரி ஏந்திக்கொண்டு போனேன். ஆனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் இன்னும் ஏறியிருந்தது.

"உள்ளே போறதும் சரியா இருக்கு, வெளியே வர்றதும் சரியா இருக்கு. அப்புறம் ஏன் ஏறுது?" டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார்.

"கம்ப்யூட்டருக்கு என்னம்மா தெரியும்?" என்றேன் நான். நான் ஜக்கின் கட்சி.

நர்ஸ் அந்த ஜக்கை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கியவர் நின்றுவிட்டார். உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

"இதென்ன, ஜில்லுனு இருக்கு?"

மூன்று பேரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"என்னத்தச் சொல்ல? பாட்டிலு காலியாகணும்னீக, ஆச்சு. பேன் நெறையணும்னீக, நெறஞ்சுச்சு. இன்னும் என்னதான் வேணுங்கீக?"

போர்வைக்குள்ளேயே பாட்டிலைப் பேனில் கவிழ்த்திருக்கிறாள். நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பட்டாசு அறையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். செய்கிற உருப்படிக்குத்தான் கூலி. கக்கூஸ் இருப்பது வளாகத்தின் கோடியில். எழுந்து போனால் கை நிற்கும், கை நின்றால் கூலி நிற்கும். அதனால் பெண்கள் தண்ணீரை விட்டுவிடுவார்கள். வேனில் ஏறுமுன் ஒரு டீ, சோற்றுக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். பங்குனி வெயிலிலும் அதே மடக்கு. சோதனைக்கு ஆபீசர் வந்தாலோ, அவர் எதை எதிர்பார்த்து வருகிறாரோ அது அது அங்கங்கே இருக்கும். வாளியில் தண்ணீர், வாளியில் மணல், முகத்தில் மரியாதை. அக்கா ஆஸ்பத்திரியையும் அப்படித்தான் பாஸ் பண்ணப் பார்த்திருக்கிறாள். போதாக்குறைக்குத் தலையணைக்கடியிலிருந்து ஓர் அட்டை வலி மாத்திரையும் கிளம்பியது. மருந்துக்கடையில் இடுப்புவலிக்கு எப்போதும் வாங்குவது. இங்கே கொடுக்கிற மருந்துக்கு மேலே இதுவும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "ஏன்க்கா?"

அக்காவின் குரல் அப்போதுதான் இறங்கியது. "எதிர்த்த வீட்டு அண்ணனுக்கு ட்யூப்பு போட்டாக. பெறகு மிஷின்ல மாட்டுனாக. பெறகு வீட்டுக்குத் தூக்கிட்டுத்தான் வந்தாக."

"ட்யூப் போட்டதால அவர் மிஷினுக்குப் போகலக்கா. கிட்னி நின்னதாலதான் போனார். உங்க கிட்னி இன்னும் நிக்கல. நிக்கப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. அதுதான் நமக்கு லாபம்."

வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். மூத்திரப் பையில் சொட்டுக்கூட இல்லை. அடக்கி வைக்கவில்லை, உடம்பில் நீரில்லாமல் ஊறவே இல்லை. கிட்னியைக் கெடுக்கிற வலி மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு ட்ரிப் ஏற்றினார்கள். "சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா ட்யூப்தான்" என்று போனார் டாக்டரம்மா.

நான் நடந்தேன். ஜன்னல், கதவு, ஜன்னல். வார்டு முழுக்க விஷயம் பரவிவிட்டது. எதிர்க்கட்டிலில் மணிக்கட்டு உடைந்து கிடந்த ஏழாயிரம்பண்ணைக்காரி ஆரம்பித்தாள்.

"ஏக்கா, தீவாளி சீசன் லோடு மாதிரி மொத்தமா அனுப்பலாம்னு இருக்கியோ?"

"நீ மொதல்ல ஒங் கைய ஒட்டவையி."

"குடிக்கா, குடி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இப்பப் பேன்ல ஊத்து பாப்போம்."

அக்கா குடித்தாள். கசாயம் குடிக்கிற முகத்தோடு, ஒவ்வொரு மடக்காக. ட்ரிப் ஒரு பக்கம் சொட்டியது. அக்காவின் உடம்புக்குள் மழை பெய்யட்டும் என்று வேண்டினேன். மழைக்காக வேறெங்கும் நான் அப்படி வேண்டியதில்லை. கரிசல் காட்டுக்குக்கூட.

மதியச் சாப்பாடு முடிந்து வார்டு கண் சொக்கியிருந்தபோது அக்கா கத்தினாள்.

"ஏ புள்ள! வருதுடி! பேனை எடுடி!"

வீட்டிலேயே கொல்லைப்பக்கம் போவதைச் சாடையில் சொல்கிறவள். திரையை இழுத்தேன், பேனை வைத்தேன். சத்தம் கேட்டது. தகரத்தில் கோடை மழையின் முதல் துளிகள். ஜக்கில் ஊற்றினேன். கொஞ்சம்தான், கடுந்தேயிலை நிறம். ஆனால் சூடு! அக்காவின் உடம்புச் சூடு, என் உள்ளங்கை முழுக்க. நர்ஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதலில் கம்பியைத் தட்டியது ஏழாயிரம்பண்ணைக்காரிதான். பிறகு வார்டே தட்டியது.

அதன்பின் ஒவ்வொரு ஜக்கிலும் நிறம் வெளுத்தது. ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த எண் முதலில் நின்றது. மறுபடி பார்த்தபோது டாக்டரம்மா மேசையிலிருந்தே கூவினார், "இறங்குதுக்கா!" எலும்பு டாக்டர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் வந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, குடி குடின்னு இம்புட்டு நாளா உசுர வாங்குனீக. இப்பப் பழகுனப்பெறகு குடிக்காதங்கீக. இதென்ன ஞாயம்?"

"ஆபரேஷன் வரைக்கும் வாய்ல தண்ணி படக் கூடாதுக்கா. அதான் ட்ரிப் போகுதுல்ல."

"ட்ரிப்பு கையிக்குப் போகுது. நாக்குக்கு யாரு ஊத்துவா?"

வாதாடிக்கொண்டேதான் தள்ளுவண்டிக்கு மாறினாள். நான் கூடவே ஓடினேன்.

"போயிட்டு வாக்கா, வந்ததும் குடிக்க ஒரு குடம் வைக்கேன்" என்றாள் ஏழாயிரம்பண்ணைக்காரி.

"ரெண்டா வையி!" என்று லிஃப்டுக்குள்ளிருந்து கேட்டது அக்காவின் குரல்.