மச்சானைக் காணோம்

முதலில் ஆறு தோட்டாக்களும் முட்டை அட்டைக்குப் போகும். அரை டஜன் முட்டை வாங்கி வந்த அட்டை. குழிக்கு ஒன்றாக நிற்க வைத்து ஃபிரிட்ஜின் தலையில் ஏற்றிவிடுவார். பிறகு சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு. அதன் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் நீவி, சுருக்கம் போன பிறகுதான் ரிவால்வரைப் படுக்க வைப்பார். வலப்பக்கம் மயிர் விரிந்த பல் துலக்கும் பிரஷ், பனியனைக் கிழித்த சதுரங்கள், காது குடையும் பஞ்சுக் குச்சி. இடப்பக்கம் எண்ணெய்க் குப்பி. அது மனைவியின் தையல் மெஷினுக்கு வாங்கியது. பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கு மூன்று சொட்டு. நான்காவது சொட்டுக்கு விசாரணை உண்டு.

நகைக் கடை வாசலில் இருபத்தாறு வருடமாகக் காவலுக்கு நிற்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் துப்பாக்கிக்காரர். அந்தத் துப்பாக்கியைப் பார்த்து இதுவரை அழுதது ஒரே ஒரு குழந்தை. அதுவும் மீசையைப் பார்த்துத்தான் என்பது கடைக் கணக்கரின் கட்சி.

பாகங்களின் பெயர் அவர் வாயில் நுழையாது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரு காதில் புகுந்து மறு காதில் போய்விட்டது. அதே மாதம்தான் கல்யாணம். பெண் வீட்டார் வந்தால் யாரை முதலில் ‘வாங்க’ என்பது, யாருக்கு எந்த நாற்காலி என்று ஒரு பக்கம் மனப்பாடம். எதற்குப் பின் எதை மாட்டுவது என்று இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிட்டார். எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டம்தான் வீடு. விசை மருமகன், தொட்டால் கோபம். விசைக்குப் பின்னால் இருக்கும், சுண்டுவிரல் நகமளவு சுருள் வில் மச்சான். சுத்தியல் மாமனார், நிமிர்ந்தால் நடுமண்டையில் ஒரு போடு. பட்டை வில் மாமியார். வளைந்து கொடுத்த மாதிரி தெரியும், வீட்டின் பலமெல்லாம் அங்கேதான். ஆறு அறை வைத்துக்கொண்டு சும்மா சுற்றி வரும் உருளை பெரியப்பா. பக்கத் தகடு கதவு. எல்லாரும் உள்ளே வந்த பிறகு சாத்துவது.

கழற்ற அவர் ஒருவர் போதும். பூட்டும்போது வரிசை குழம்பும். அதற்கு மனைவி வேண்டும். தையல் மெஷினில் இருந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அழைப்பாள். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி. உதடு கூடினால் குத்தும், அதனால் ‘ம’ வராது.

“அருகன் ஆச்சா? இனி அச்சான். அடுத்து ஆனார். ஆயாரை அழுத்தி வைங்க.”

கேட்டுக் கேட்டு அவருக்கு அதுவே வேதமாகிவிட்டது. அவள் குரல் இல்லாமல் அவர் ஒருமுறைகூட அந்த வீட்டைக் கட்டியதில்லை.

இந்த ஞாயிறு குரல் இல்லை. ஆறு நாளாகவே இல்லை. அவளுடைய அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, விருந்தாளிகள் நடுவே உட்கார்ந்து இவர் ரிவால்வர் மகாத்மியம் பேசியிருக்கிறார். பேச்சு ருசியில் நாக்கு ஒரு படி தாண்டிவிட்டது. “அந்த வில்லு இருக்கே, அசல் நம்ம மச்சான்தான். பிடிச்சு வச்சா இருப்பான், கையை எடுத்தா துள்ளிடுவான்.” கூடம் கொல்லென்று சிரித்தது. ஏழு வேலை மாறிய அண்ணனும் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, “சாப்பாடு இருக்கு” என்று சுவரிடம் மட்டும் சொல்கிறாள்.

போதாக்குறைக்கு மறுநாள் காலை ஆயுதப் பரிசோதகர் வருகிறார். பழையவர் குழலுக்குள் ஒரு கண் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். புதியவர் அப்படியில்லை. கண்ணெதிரே கழற்றிப் பூட்ட வேண்டும், பத்து நிமிடத்தில். முடியாதவருக்கு வண்டி நிறுத்துமிடத்தில் குடையும் விசிலும். துப்பாக்கிக்காரர் விசில்காரர் ஆவதா?

குழலைத் துடைத்து, ஜன்னல் பக்கம் தூக்கி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பொத்தான் அளவில் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு தும்மல். முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மிவிட்டு, மூக்கைக் கழுவி வந்து பார்த்தால் துண்டின் மேல் எல்லாரும் இருக்கிறார்கள். மச்சானைக் காணோம்.

துண்டை உதறினார். மேசைக்கடியில் பார்த்தார். செருப்புகளைத் தட்டினார். கடைசியில் டார்ச்சோடு கட்டிலுக்கடியில் நுழைந்துவிட்டார். மெஷின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“டேய் மச்சான்! எங்கடா போய்த் தொலைஞ்ச? உன்னால என் பொழப்பே போகப்போகுதுடா!”

வாசலில் இருந்து பதில் வந்தது. “நான் என்ன மாப்பிள்ளை பண்ணேன்? தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்கத்தானே வந்தேன்?”

கட்டில் சட்டத்தில் தலை மோதிய சத்தம் மெஷினையும் மீறிக் கேட்டது.

“உங்களைச் சொல்லலை மச்சான்.”

“உங்களுக்கு வேற மச்சான் ஏது?”

நியாயமான கேள்வி. அவளுக்கு ஒரே அண்ணன்.

விவரம் தெரிந்ததும் அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்தார். வெளியே நான்கு உள்ளங்கால்கள். அரை மணி நேரம் தூசிதான் கிடைத்தது.

“சரி மாப்பிள்ளை, நான் இல்லாட்டிதான் என்ன ஆகிடும்?”

கட்டிலுக்கடியிலிருந்து துப்பாக்கிக்காரரின் குரல், வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது.

“மருமகன் வீறாப்பா பின்னால போயிடுவான் மச்சான். அவனைத் திருப்பி முன்னால கொண்டாந்து நிறுத்தறது நீங்கதான். நீங்க இல்லைன்னா போனவன் போனவன்தான். அப்புறம் அது துப்பாக்கியே இல்லை, பேப்பர் வெயிட்டு. நீங்க துள்ளுவீங்கதான். ஆனா நீங்க இல்லாம முடியாது.”

மெஷின் நின்றது. பொத்தான் டப்பாவின் மூடியை யாரோ திருகும் சத்தம்.

“அண்ணா, எழுந்திரு. இங்க பொத்தானோட பொத்தானா கிடக்கறார்.”

அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். “இதுதான் நானா? இத்தனூண்டு!” என்றாலும் முகத்தில் ஒரு பெருமை.

“உட்காருங்க,” என்றாள் கணவரிடம், ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டே. “அருகன் உதல்ல.”

திங்கட்கிழமை ஒன்பது நிமிடத்தில் வீடு கட்டி முடிந்தது. பரிசோதகர் குனிந்து காது கொடுத்திருக்கிறார்.

“என்னய்யா முணுமுணுக்கற? அச்சான், ஆனார்னு... எந்த ஊர்ப் பாஷை?”

“எங்க வீட்டுப் பாஷைங்க ஐயா.”

விசிலுக்குத் தப்பினார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை துண்டு விரித்தவுடன், எண்ணெய்க் குப்பியின் மூடியைக் கவிழ்த்து வைத்து, சுருள் வில்லை எடுத்ததும் அதில் உட்கார வைக்கிறார். “மச்சான் உட்காருங்க.” மற்றவர்களெல்லாம் வெறும் துண்டில்தான்.

தும்மலுக்கு அந்தச் சுருள் வில் அறை தாண்டித் துள்ளிய கதையைக் கடையில் நாளுக்கு ஒரு முழம் கூட்டிச் சொல்கிறார். பல நாள் கழித்து, அளவு கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்காவும் அந்தக் கதையை மெச்சினாள். துப்பாக்கிக்காரரின் மனைவி அதற்காக மட்டும் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“துள்ளினவர் டப்பாவுக்குள்ள விழுவார் அக்கா. மூடியையுமா அவரே திருகிக்குவார்?”

ஊசிகளைத் திரும்ப உதட்டுக்குள் அடுக்கிக்கொண்டு, நாடாவை அக்காவின் தோளில் வைத்தாள்.