விரிசல் இல்லாத கரி

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பொட்டு மாவை வைத்து மெதுவாக இழுக்கிறார் மாவக்கா. இழை அறுந்தால் தண்ணீர் போதாது, தொங்கினால் ஜாஸ்தி. பதம் சொல்லும் கருவி பக்கத்திலேயே தூசி படிந்து கிடக்கிறது. “அது படிச்சவங்களுக்கு. எனக்கு விரலு போதும்” என்கிறார்.

மாவு என்றால் தின்கிற மாவில்லை. காகித ஆலை மரத்தை வேகவைத்துக் கழிக்கும் பழுப்புச் சக்கையைப் பொடித்து, மரநாரோடு பிசைந்தது. அச்சு இயந்திரம் அதை ஊசிவழியே இழையிழையாகப் பிழிந்து, அடுக்கின்மேல் அடுக்காக ஒரு வலைக்கட்டியை எழுப்புகிறது. அதை உலையில் சுட்டால் பேட்டரிக்குள் வைக்கிற கரி கிடைக்கும். சுடும்போது சுருங்கும் என்பதால், தீப்பெட்டி அளவு வேண்டுமென்றால் அதைவிடப் பெரிதாக அச்சிடுகிறார்கள். பத்துக்கு எட்டு வெடித்துப்போகும், மிச்ச இரண்டிலும் விரிசல் விழும். “தொட்டாலே சுணங்குறியே, நீ என்ன புதுமாப்பிள்ளையா?” என்று கட்டியோடு பேசுவார் மாவக்கா. “என்னைச் சுட்டா எவ்வளவு தேறும்?” என்று முதலாளி ஒருமுறை கேட்டாராம். “வாய் மட்டும் மிஞ்சும் சார்.”

இந்தக் கிண்டலெல்லாம் நான்கு மாதத்துக்கு முன்பு, விபத்து நடக்கும்வரை. இப்போது கட்டிகளோடு பேசுவதில்லை.

உலைக்குள் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அதனால் நைட்ரஜனை நிரப்பிச் சுடுகிறார்கள். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. அறையில் பரவினால் மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். அதை எச்சரிக்கச் சுவரில் ஓர் அலாரம் உண்டு. குழாய் கசிந்த அன்று அது கத்தவில்லை. உள்ளே போன உலைக்காரர் மாவக்காவின் உடன்பிறந்த தம்பி. மாவக்காதான் சொல்லி அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டார். உயிர் மிஞ்சியது, அவ்வளவுதான் மிஞ்சியது.

வீட்டின் பின்னறைக் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார் தம்பி. அவர் மனைவி ஸ்பூனால் பாலூட்டிக்கொண்டே சொன்னார்: “அலாரத்தை யாராச்சும் பிடுங்கி வைப்பாங்களாக்கா? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டாரு.” மாவக்கா தம்பியின் கன்னத்தில் வழிந்த பாலைத் துடைத்தார்.

படியிறங்கும்போதுதான், அவரைப் பற்றி எழுதக் கூடவே போயிருந்த என்னிடம் சொன்னார்.

“நான்தான் சார் பிடுங்கினேன். உலையைத் தொறந்தாலே அது கத்தும். கை உதறி கட்டி ஒடஞ்சிடும். எடுக்குற வரைக்கும் பிடுங்கி வச்சுட்டு, அப்புறம் சொருகிடுவேன். அன்னிக்கு மொத தடவையா ஒரு கட்டி விரிசலே இல்லாம வந்துச்சு. ஆறு மாசப் பாடு. தலைகால் புரியல. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு முதலாளி ரூமுக்கு ஓடினேன். சொருகல.”

“ஏன் இதுவரை சொல்லல?”

“சொன்னா வேலை போயிடும். அப்புறம் அவனை யாரு பாக்குறது?”

எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. தம்பி பெயர் கெட்டுக் கிடக்க, கூடவே நின்று பால் துடைக்கிறாரே என்று. தெருமுனை வருவதற்குள் கோபம் திசைமாறிவிட்டது. கையால் பிடுங்கக்கூடிய அலாரத்தை மாட்டியவர்களை எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரி அறிக்கையோடு வந்தார். மாவக்காவைப் பற்றி எழுத வந்தவன் என்பதால் என்னையும் ஓரமாக உட்கார விட்டார்கள். ‘அலாரத்தைத் துண்டித்தவர்’ என்ற வரிக்கு நேரே தம்பியின் பெயர் தட்டச்சாகியிருந்தது.

“நீங்க வெறும் சாட்சிதான்கா. கீழ ஒரு கையெழுத்து போட்டாப் போதும்” என்றார் அதிகாரி. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

மாவக்கா பேனாவை வாங்கினார். எழுத்துக்கூட்டி, உதடு அசைய முழுவதையும் படித்தார். பிறகு தம்பி பெயரின்மேல் ஒரே கோடாக இழுத்து, பக்கத்தில் தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து எழுதி, தாளை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தார்.