துணை நடிகருக்குச் சேர்ந்த கூட்டம்

தாராவியில் எந்தச் சந்தில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு ரசிகர் மன்றத் தலைவர் மண்டையில்தான் போய் விழும். எல்லாரும் கதாநாயகனுக்குக் கொடி பிடிக்கிறவர்கள். துணை நடிகருக்கு மன்றம் வைத்த ஒரே ஆள் இசக்கிப்பாண்டிதான். அதுவும் எழுபது வருசத்துக்கு முந்தின கறுப்பு வெள்ளைப் படங்களில் ஓரமாக நின்றுவிட்டுப் போன பி. எஸ். பிரம்மநாயகத்துக்கு. தலைவர் இசக்கிப்பாண்டி, செயலாளர் இசக்கிப்பாண்டி, உறுப்பினரும் அவரே. மன்றத்தில் கருத்து வேறுபாடு வந்ததே கிடையாது.

சின்ன வயசில் பிடித்த கிறுக்கு. மாட்டுங்கா தியேட்டரில் ஞாயிறு காலையில் பழைய தமிழ்ப் படம் போடுவார்கள். அப்பா குளித்துக் கிளம்புவதற்குள் நல்ல இடமெல்லாம் போய்விடும். கிடைப்பது முன்வரிசை, இடது மூலை. அங்கிருந்து பார்த்தால் கதாநாயகன் கோணல்மாணலாகத் தெரிவான். மூக்குக்கு நேரே நிற்பது ஓரத்து மந்திரிதான். அந்த மந்திரிதான் பிரம்மநாயகம். அடுத்த வாரம் வைத்தியர், அதற்கடுத்த வாரம் பெண்ணைப் பெற்ற தகப்பன். ராஜா முழநீளத்துக்கு வசனம் பேசி முடிக்கிறவரை அந்த மனிதர் ஒரே ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவார். அந்தத் தலையாட்டலுக்கு அடிமையானார் இசக்கிப்பாண்டி. அடிமையாவதற்கு உலகத்தில் வேறு சாமானா இல்லை?

அறைச் சுவரில் பிரம்மநாயகத்தின் ஆளுயரப் படம். ஒரு புராணப் படத்தில் முனிவராக வந்த கோலம். சடைமுடி, நெஞ்சுவரை தாடி, தூக்கிய வலது கை. பார்க்கிறவனுக்கு ஆசீர்வாதம் மாதிரி இருக்கும். உண்மையில் அது தவத்தைக் கலைத்த பெண்ணை ஊமையாகப் போகச் சொல்லிச் சாபம் கொடுக்கிற இடம். மொத்தம் பத்தொன்பது விநாடி. மனைவி மாரீஸ்வரி இருபத்தெட்டு வருசம் பொறுத்தாள். "நீரும் உம்ம தாடிக்காரனும் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கெடங்க" என்று அம்பர்நாத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த எட்டுக்குப் பத்து அறைக்குத்தான் இப்போது ஆபத்து. சந்து முழுவதையும் இடித்துவிட்டு மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று வீடு வீடாக சர்வே. காகிதம் இருக்கிறவனுக்கு வீடு, இல்லாதவன் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று பேச்சு. இசக்கிப்பாண்டியின் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் ஒரு மழை வெள்ளத்தில் போய்விட்டன. மன்றத்தின் லெட்டர்பேடு மட்டும் பிழைத்தது. அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். ரேஷன் கார்டை அடுப்புக்குக் கீழே வைத்திருந்தார்.

எதிர்வீட்டுக்குப் போன வருசம் குடிவந்த முருகம்மாள், இட்லி மாவு விற்கிறவள், பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"கோயிலுன்னா தொட மாட்டானாம் அண்ணாச்சி. சாமிகிட்ட எவன் ஆதார் கார்டு கேக்கான்?"

மறுநாளே மன்றப் பலகை இறங்கியது. பாயும் ஸ்டவ்வும் அவர் ஜிப் தைக்கிற தோல்பைப் பட்டறையில் ஒளிந்தன. பிரம்மநாயகத்துக்குப் பட்டை போட்டு, மாலை சாத்தி, முன்னால் விளக்கு. விசயம் தெரிந்தவர்கள் சந்தில் நாலு பேர் இருந்தார்கள். கோயில் இருந்தால் நம் சுவருக்கும் பாதுகாப்பு என்று அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

சர்வேக்கு வந்தவன் சாய்நாத். "யே கௌன் பாபா?" என்றான், யார் இந்தச் சாமி என்று.

இசக்கிப்பாண்டி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். "பிரம்மநாயக் பாபா, சாப். படா பவர்!"

சாய்நாத் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். பிறகு, இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டான். ஆள் குடியிருந்தால் கோயில் வீடாகிவிடுமே!

"கோயி நஹி, சாப். சிர்ஃப் பாபா." யாருமில்லை, பாபா மட்டும்தான் என்று தன் வாயாலேயே சொன்னார்.

கதவில் நம்பரும் 'மந்திர்', அதாவது கோயில் என்றும் எழுதிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் சாயந்திரம் பட்டறையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தால், வாசலில் பெண்கள் வரிசை. புதுப் பூட்டு. சாவி முருகம்மாள் இடுப்பில்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க அண்ணாச்சி. காலையில கமிட்டி போட்டாச்சு."

"என் ரூம்ல படுக்கதுக்கு உங்க கமிட்டி எதுக்கு?"

"சாமி முன்னால காலை நீட்டிப் படுப்பியளா? யாரும் குடியில்லன்னு நீங்கதான சொன்னிய. சந்தே கேட்டுக்கிட்டு நின்னுச்சுல்லா."

"ஏ முருகம்மா, அது சாமியில்ல, சினிமாக்காரன்! சம்பளம் வாங்கிட்டு ஒட்டுத்தாடி வச்சி நடிச்ச மனுசன்!"

நம்பவில்லை என்றதும் போனை எடுத்தார். அந்தப் பத்தொன்பது விநாடியைப் போட்டார். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். பிரம்மநாயகம் கண்ணைத் திறந்தார், நடந்து வந்தார், கையைத் தூக்கினார்.

முருகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாடி, பாபா நடந்துல்லா வாராரு!"

"நடிப்பு அது!"

"சாமி சினிமா வேசத்துல வரக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"யாரையோ ஊமையாக்குதாரே" என்றாள் வரிசையில் நின்ற ஷமீமா. "எங்க மாமியாருக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க அண்ணாச்சி."

சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி கேட்டாள்: "இன்னொரு வாட்டி போடுங்க."

நாற்பது வருசத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. கல்யாண வீட்டில், பட்டறையில், ரயிலில் என்று எத்தனையோ பேரிடம் வலியப் போய்க் காட்டியிருக்கிறார். எல்லாரும் மூன்றாவது விநாடியில் கொட்டாவி விட்டவர்கள். ஆள் குழைந்துபோனார். பறிபோன அறையின் வாசலில் நின்றுகொண்டு, "இந்தா, கண்ணத் தெறக்கதுக்கு முந்தி ஒரு மூச்சு விடுதாரு பாருங்க, அதுதான் நடிப்பு" என்று பாடம் நடத்தினார் அந்த மடையர். பேட்டரி தீரும்வரை பதினோரு தடவை போட்டுக் காட்டினார். தீர்ந்த பிறகுதான் பாய் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

அதற்குள் முருகம்மாள் பூட்டிவிட்டாள். "வெள்ளிக்கிழம வாங்க அண்ணாச்சி, கூட்டிப் பெருக்க ஆள் வேணும். வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்."

அம்பர்நாத்தில் மகன் வீட்டு வராந்தாவில் பாய் விரித்தாயிற்று. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, ரயிலில் நின்றுகொண்டே வந்து பெருக்கினார். சுண்டல் கொடுத்தார்கள். உப்பே இல்லை.