திருவிருந்துக்கு வந்த சப்பாத்தி

போன ஞாயிறு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் நற்கருணைத் திருவிருந்துக்கான அப்பத்தை பிளாஸ்டிக் பொட்டலத்திலிருந்து எடுத்து அடுக்கினார்கள். சின்னச் சின்ன வட்டங்கள், வாசனையே இல்லை. என் நாக்கு சுட்ட கோதுமையைத் தேடியது. வயதாக ஆக நாக்கும் அடம்பிடிக்கிறது, என்ன செய்ய!

எழுபதுகளில் புனே கன்டோன்மென்ட் பக்கம் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஆங்கில ஆராதனைக்காரர்களின் கோயிலை ஞாயிறு மாலைகளில் இரவல் வாங்குவோம். அவர்கள் அலமாரிகளைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் தட்டும் கிண்ணமும் மேசைத்துணியும் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன. ஐயர், அதாவது எங்கள் குருவானவர், மாதம் ஒருமுறை பம்பாயிலிருந்து ரயிலில் வருவார். அன்றுதான் திருவிருந்து. திராட்சரசம் அவர் கொண்டுவருவார், இரானி பேக்கரியில் ரொட்டி வாங்கிவருவது என் பொறுப்பு. அப்போது நான் ஹடப்சரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

ரொட்டி வாங்குவதெல்லாம் ஒரு ஊழியமா என்று எனக்கு உள்ளுக்குள் இளப்பம். ஆண்டவருக்கு நான் கொடுக்கிற பெரிய காணிக்கை என் குரல்தான் என்று நினைப்பு. அந்த மாதம் பாடகர் குழுவில் தனிப்பாட்டு வேறு கிடைத்திருந்தது, கேட்கவேண்டுமா! பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கணபதி கரைக்கும் நாள், பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மேளச் சத்தத்துக்கு நடுவே நடந்தேன், அப்போதும் வாயில் பாட்டுதான். மேசைத்துணியை விரித்துத் தட்டை வைத்த பிறகுதான் ரொட்டி ஞாபகமே வந்தது. வெளியே ஓடினேன். பேக்கரி உட்பட ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

திரும்பி வந்தால், முன்வரிசையில் லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து வரும் சபைக்கார அண்ணன் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை எல்லைப் பக்கம் மாற்றலாகிப் போகிறார். மனைவிக்கு எட்டாம் மாதம். பிரிவதற்கு முன் இருவரும் சேர்ந்து திருவிருந்து எடுக்கவேண்டும் என்றே சைக்கிளில் வந்திருந்தார்கள்.

ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ரொட்டி இல்லாம எப்படிம்மா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வாசலில் ஞானம்மா அக்கா நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் ஆயா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படிக்கத் தெரியாது, பாடினால் ராகம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எப்போதும் கடைசி பெஞ்சு, ஆராதனை முடிந்ததும் நேரே நைட் டூட்டி.

"ஏட்டி, ஏன் முழிச்சிக்கிட்டு நிக்க?"

விஷயத்தைக் கேட்டதும் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். மூன்று சப்பாத்தி. ஒன்றும் வட்டமில்லை, ஓரமெல்லாம் கருகல்.

"கோதும மாவுதான் ஐயா. எண்ணெ லேசாத் தொட்டிருக்கேன். கோணலா வேற இருக்கு. இது ஆகுமா?"

ஐயர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஆகும்மா. நல்லாவே ஆகும்."

அவர் மேசையில் அதைப் பிட்டபோது கோதுமை வாசனை பாடகர் வரிசைவரை வந்தது. அண்ணனும் மனைவியும் பக்கம் பக்கமாக முழங்காலிட்டுக் கை நீட்டினார்கள். எழும்பும்போது அந்த அண்ணன் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தனிப்பாட்டு இரண்டாவது அடியிலேயே உடைந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போது கொஞ்சம் வருத்தம்கூட.

மீதியான அப்பத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே உண்டு முடிக்கவேண்டும். ஐயர் எனக்கும் ஒரு பெரிய துண்டு தந்தார். சாப்பிட்டேன், ருசியாகவே இருந்தது. ஞானம்மா அக்கா வெறும் டப்பாவை மூடிப் பைக்குள் போட்டார்.

"வாரேன்ட்டி, டூட்டிக்கு நேரமாச்சி" என்று ஊர்வலக் கூட்டத்துக்குள் நடந்துபோனார்.

அண்ணன் பத்திரமாகத் திரும்பிவந்து மகளுக்கு அதே கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கவைத்தார். எங்கள் சபைக்கும் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது, டிரங்குப் பெட்டி போன இடம் தெரியவில்லை. அக்கா குடியிருந்த ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் இடத்தில் இப்போது அடுக்குமாடி. எண்பதுகளின் நடுவில் அக்காவும் போய்ச்சேர்ந்துவிட்டார். அதற்குள் எத்தனை ஞாயிறுகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசியிருக்கிறேன்! அன்று ராத்திரி அவர் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.