வத்தல் விழுந்த கடலை உருண்டை

கோவில்பட்டிக் கடலை மிட்டாயை மொதல்ல யார் செஞ்சான்னு கேட்டா, ஊர்ல ஆளுக்கொரு கதை வச்சிருக்காங்க. எனக்கு அந்த வம்பே வேண்டாம். எங்க சொந்தக்காரங்க வீடுகள்ல இப்போ காப்பியோட வைக்கிற காரக் கடலை உருண்டை பொறந்ததை நான் கண்ணால பார்த்தேன். அதை மட்டும் சொல்லுதேன்.

விளாத்திகுளம் பக்கத்துல என் தம்பி வீடு. அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்துக் கொண்டு போயிருச்சு. கொழம்புல ஒரு கல்லு உப்பு கூடினாலும் தெருவுக்கே கேக்குற மாதிரி பொண்டாட்டியை வையிற பய, இப்ப எதை வச்சாலும் ரெண்டு வாய் முழுங்கிட்டுப் பேசாம எந்திரிச்சிருவான். ஆள் பாதியாயிட்டான்.

நான் பார்க்கப் போனப்ப, "மதினி, இவிய இப்படி இளைச்சுக்கிட்டே போறாவளே, நான் என்ன செய்வேன்?"னு தம்பி பொண்டாட்டி அழுதா.

அவனுக்குப் பிடிக்குமேன்னு அன்னைக்குக் கடலை உருண்டைக்குக் கருப்பட்டிப் பாகு வச்சா. வெளிய பொட்டல்ல மிளகாய் வத்தல் காயுது. அந்நேரம் பார்த்து மழை! எங்க கரிசக்காட்டுல மழைக்கு ஏங்காத ஆள் கிடையாது. வத்தல் காயுறப்ப வந்தா அதை வையாத ஆளும் கிடையாது. பாகை அப்படியே போட்டுட்டு ரெண்டு பேரும் ஓடினோம்.

அள்ளி முடிக்கையில பாகு கருகப்போற வாசனை. மடி நிறைய வத்தலோட அவ பாஞ்சு வந்து அடுப்புல குனிஞ்சா பாருங்க, ஒடைஞ்ச வத்தலும் விதையுமா சட்டிக்குள்ள கொட்டிருச்சு. பொறுக்கிக்கிட்டு இருந்தா பாகு இறுகிரும். "ஆனது ஆகட்டும்"னு கடலையைப் போட்டு உருட்டிட்டா.

ஒண்ணை வாயில போட்ட தம்பிக்கு இருமல் வந்து, கண்ணு செவந்து, மூக்கு ஒழுகிருச்சு. அவ தண்ணிச் செம்போட ஓடியாந்து நிக்கா.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? கடலை உருண்டையில எவளாவது வத்தலைப் போடுவாளா?"

"ஏலே, உறைக்குதா?"ன்னேன்.

"உறைக்காம? மண்டையில ஏறுது!"ன்னு கத்திக்கிட்டே இன்னொண்ணை எடுத்துக் கடிச்சான்.

அவ செம்பைக் கீழ வச்சுட்டு அங்கனயே உக்காந்துட்டா.

"வையுங்க, நல்லா வையுங்க. உங்க வசவைக் கேட்டு எத்தனை நாளாச்சு"ன்னா.