பிரசாந்தி அக்கா மணி அடிப்பதில்லை

பிரசாந்தி அக்காவை ஒரு கதிரையில் இருத்தி வைப்பதைப் போலச் சிரமமான வேலை நான் அறிய வேறொன்றும் இல்லை. அவர் சண்டிலிப்பாயில் குடும்பநல மருத்துவமாது. காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுவார். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பச்சைக் குழந்தைகளை நிறுப்பது, தடுப்பூசிக்கு வராத தாய்மாரைத் தேடிப்போய் ஏசுவது எல்லாம் அவர் பாடு. எந்த வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் வாசற்படியில் நின்றுதான் குடிப்பார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் மிதிபலகைக்குக் கிட்ட நிற்பார். கல்யாண வீட்டில் கடைசி வரிசை, கடைசிக் கதிரை, ஒரு கால் வெளியே. "மிஸ்ஸுக்குக் காலிலை சில்லு பூட்டியிருக்கு" என்று ஊரில் பகிடி. நானும் சிரித்திருக்கிறேன்.

நான் லவீனா, குருநகர். நகரில் ஒரு கணினி திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம், அதை ஒளிக்கவும் தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அக்கா தன் மடிக்கணினியைத் திருத்தக் கொண்டுவந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம், நான் விளையாடிக்கொண்டிருந்தேன். பழைய காலத்து நாடுகளில் ஒன்றைத் தெரிவு செய்து, நாலு குடியானவர்களோடு தொடங்கி, மரம் வெட்டி, வயல் செய்து, படை கட்டி, மற்றவன் ஊரைப் பிடிக்கும் ஆட்டம். அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு மணித்தியாலம் நின்றார்.

"இந்தப் பெட்டையள் தலையிலை கூடையோடை எங்கை போகினம்?" என்று கேட்டார்.

"வயலுக்கு. அவையள் வில்லேஜர். இருந்து பாருங்கோவன் அக்கா."

இருந்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த ஆட்டத்துக்கு முன்னால் மட்டும் அவர் இரண்டு மணித்தியாலம் கதிரையை விடாமல் இருப்பார். காலை ஆட்டுவார், நகத்தைக் கடிப்பார், ஆனால் எழும்ப மாட்டார்.

அவர் எடுத்தது மௌரியர். பட்டியலில் பழைய இந்தியா என்று அது ஒன்றுதான் இருந்தது. "தமிழச்சியாய்ப் பிறந்து மௌரியரோ?" என்று கடைக்கு வருகிற பெடியள் சீண்டினார்கள். "சோழரைக் கொண்டு வாங்கோ, பாப்பம்" என்று அவர் வாயை அடைத்துவிடுவார். யானை, தேர், அசோகர் காலத்துத் தூண் எல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். தன் குடியானவர்களைத்தான் கவனிப்பார். இருபது பேர் வயலில், எட்டுப் பேர் காட்டில் என்று எந்த நேரம் கேட்டாலும் சொல்லுவார். ஒழுங்கைகளில் தாய்மாரைக் கணக்கு வைத்திருக்கிற அதே தலை அல்லவா. அவரைப் போல வேகமாக ஊர் கட்டுகிறவரை நான் கண்டதில்லை. அதனால்தான் இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் போட்டிக்கு அவரையே என் சோடியாகச் சேர்த்தேன்.

அங்கேதான் பிடித்தது சனியன்.

ஆட்டத்தில் ஒவ்வோர் ஊரின் நடுவிலும் டவுன் சென்டர் என்று பெரிய கட்டடம் ஒன்று இருக்கும். அதில் ஒரு மணி. எதிரி வந்தால் மணியை அழுத்த வேண்டும். குடியானவர்கள் எல்லாரும் ஓடிவந்து கட்டடத்துக்குள் புகுந்துகொள்வார்கள், உள்ளே இருந்து அம்பு விடுவார்கள். இது அரிவரிப் பாடம். அக்கா இதைச் செய்யவே மாட்டார். எதிரியின் குதிரை தெரிந்தவுடன் தன் ஆட்களை இரண்டு பேர், மூன்று பேராகப் பிரித்து மூலைக்கு மூலை ஓட விடுவார். மரத்தடிக்கு ஒருத்தி, கடற்கரைக்கு ஒருத்தன். குதிரை துரத்தித் துரத்தி வெட்டும். போன வருடம் இப்படித்தான் தோற்றோம். மாவட்ட அரையிறுதி, வென்றிருந்தால் கொழும்பில் அடுத்த சுற்று. நான் அன்று வீட்டுக்குப் போய் யாரோடும் கதைக்கவில்லை.

இந்த வருடமும் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். எதிரிகள் கோப்பாய் ஜெரோசனும் அவனுடைய தம்பியும். பாரசீகரை எடுத்து, பத்தாவது நிமிடத்தில் குதிரைப்படையோடு வந்து நிற்பார்கள் என்று நகரம் முழுக்கப் பேச்சு. போட்டிக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வந்து கடையைத் திறந்து இருவரும் பழகினோம். அன்றும் குதிரை வந்தது, அன்றும் அக்கா ஆட்களைச் சிதற விட்டார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"உங்களுக்கு என்ன விசரோ அக்கா? ஒரு மணி! ஒருக்கா அமத்தினால் போதும்! கொழும்புக்குப் போக எனக்கு இன்னொரு வருசம் காத்திருக்க ஏலாது. சனிக்கிழமை மணி அடிக்கிறதெண்டால் வாங்கோ. இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

அக்கா எழும்பினார். கடை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகப்போகிறார் என்று நினைத்தேன். அங்கே நின்றபடியே சொல்லத் தொடங்கினார். சண்டைக் காலத்துக் கதை. அப்போது அவருக்கு ஒன்பது வயது, அண்ணன் செந்தூரனுக்குப் பதின்மூன்று.

"ஷெல் விழத் தொடங்கினவுடனை எங்கடை ஐயாதான் எல்லாரையும் கூப்பிட்டவர். சங்கக் கட்டடம் கொங்கிறீற் போட்டது, ஒண்டும் செய்யாது, உள்ளுக்கை வாங்கோ எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினவர். அண்ணை என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவர். ஆட்டை அவிட்டுவிடேல்லை எண்டு அம்மா திரும்பினா. நான் கையை உதறிப்போட்டு அம்மாவுக்குப் பின்னாலை ஓடினன். அண்ணை வாசல்லை நிண்டு கெதியா வா, கெதியா வா எண்டவர்."

தெருவில் ஓர் ஆட்டோ போனது.

"முப்பத்தொரு பேர் உள்ளுக்கை, லவீனா. ஷெல் நேரை அந்தக் கூரையிலைதான் விழுந்தது. ஒருத்தரும் வெளியிலை வரேல்லை. வெளியிலை நிண்ட நானும் அம்மாவும் தப்பினனாங்கள். அம்மா இண்டைக்கும் அந்தப் பக்கத்தாலை போகமாட்டா. நீ மணியை அடி எண்டுறாய்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக இந்த மனுசியை நான் ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன். "அக்கா, மணி வேண்டாம்" என்றேன். "தோத்தாலும் பரவாயில்லை."

அவர் திரும்பினார். முகத்தில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "பாவம் பாத்து என்னைக் கூட வைச்சிருக்காதை. அப்பிடியெண்டால் நீ வேறை ஆளைப் பார்."

நான் வேறு ஆளைப் பார்க்கவில்லை, அவரும் விலகவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. அக்கா வாசலுக்குக் கிட்ட உள்ள மேசைதான் வேண்டும் என்று நடுவரோடு சண்டை பிடித்து வாங்கினார். தொடக்கம் அருமையாகப் போனது. பத்து நிமிடத்தில் இருபத்தெட்டுக் குடியானவர்கள். நான் என் பக்கத்தில் யானைப்படை கட்டிக்கொண்டிருந்தேன். பதினோராவது நிமிடம் ஜெரோசனின் குதிரைகள் அக்காவின் வயலுக்குள் பாய்ந்தன.

அக்கா வழமை போல ஆட்களைச் சிதற விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். குதிரைகளும் பிரிந்து துரத்தின. காட்டு ஓரத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். தண்ணீர்க் கரையில் இரண்டு. "நாலு" என்றார் அக்கா. பிறகு, "ஆறு."

அடுத்த நிமிடம் மணி கேட்டது.

மண்டபத்தில் யாருக்கும் அது ஒரு பொருட்டல்ல. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். மிஞ்சிய இருபத்திரண்டு பேரும் நாலு திசையில் இருந்தும் ஓடி வந்து கட்டடத்துக்குள் புகுந்தார்கள். அம்புகள் பறந்தன, குதிரைகள் சில விழுந்தன, மற்றவை பின்வாங்கின. சனம் கை தட்டியது. ஆனால் ஜெரோசன் விடுகிற ஆள் இல்லை. மதில் இடிக்கும் வண்டிகள் மூன்றைக் கொண்டுவந்து கட்டடத்தின் மேல் விட்டான்.

கட்டடம் புகையத் தொடங்கியது. அக்கா அரைவாசி எழும்பி நின்றார்.

"லவீனா, வெளியிலை விடட்டோ? விடட்டோ?"

"வேண்டாம் அக்கா! வெளியிலை குதிரை நிக்குது. உள்ளுக்கை இருக்கட்டும். என்ரை யானை வருது, இந்தா வந்திட்டுது!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. உள்ளே இருக்கட்டும் என்று சொன்னது நான். என் யானைகளோ ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தன. நெருப்பு கூரைக்கு ஏறியது. அக்கா என் கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. யானைகள் வந்து சேரவில்லை. கட்டடம் சரிந்து விழுந்தது.

அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. திரையையே பார்த்தேன்.

தூசி அடங்கியது. இடிந்த கற்களுக்கு நடுவில் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். கூடை வைத்திருந்தவள் கூடையோடு, கோடரி வைத்திருந்தவன் கோடரியோடு. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆட்டத்தின் சின்ன விதி இது. கட்டடம் விழுந்தால் உள்ளே இருந்தவர்கள் உயிரோடு வெளியே வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்தது என்பதால் நான் அதை ஒருநாளும் சொல்லவில்லை. அக்கா மணியே அடித்ததில்லை, அவருடைய கட்டடங்கள் எப்போதும் வெறுமையாகத்தான் விழுந்தன. அவர் எப்படி அறிவார்?

குதிரைகள் திரும்பி வந்தன. "அக்கா, ஓடச் சொல்லுங்கோ! கெதியா என்ரை பக்கம் அனுப்புங்கோ, வெல்லலாம், இன்னும் வெல்லலாம்!" என்று கத்தினேன். உண்மையிலேயே வென்றிருக்கலாம். என் யானைகள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டன.

அக்கா மவுசைத் தொடவில்லை. கதிரையில் அமர்ந்தார். முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் மேசைக்கு அடியில் நீட்டி, வீட்டில் இருப்பவரைப் போல இருந்தார். விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் முதலில் இருந்து எண்ணினார்.

"எல்லாரும் வந்திட்டினம்" என்றார்.

"அக்கா, குதிரை..."

"நிக்கட்டும், லவீனா. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

கொழும்பு என் கண்ணுக்கு முன்னால் நின்றது, கை தட்டுகிற சனமும் நின்றது. நானும் மவுசில் இருந்து கையை எடுத்தேன்.